கோடை முகாம், திருவொற்றியூர் கிளை

முழுப் பரீட்சையின் கடைசி நாளன்று பள்ளிக்கூட வாசலில் ஒரு பையன் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். வழவழ காகிதம். ‘இருபத்தோரு நாளில் உங்கள் குழந்தை ஒரு விஞ்ஞானி’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே ரோபோட்டிக்ஸ், வேத கணிதம், கடல் உயிரியல், மேடைப் பேச்சு, களிமண் கைவேலை. பிள்ளைக்கு 6,500 ரூபாய். கூடப் பிறந்தவர்களையும் சேர்த்தால் 500 தள்ளுபடி. ஆகமொத்தம் எங்கள் வீட்டு விஞ்ஞானிகள் இரண்டு பேருக்கும் 12,500.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். டிரெய்லர் ஓட்டுகிறவர். ராத்திரி முழுக்கத் துறைமுக வரிசையில் நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். முன்னும் பின்னும் படித்துப் பார்த்து, காகிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கேரம் ஸ்டாண்டின் ஒரு காலுக்குக் கீழே சொருகினார். விரலால் போர்டைத் தட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

“நல்ல பேப்பர்” என்றார். படுத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் கோடை முகாம் தொடங்கியது அப்படித்தான். மூன்று கோடை நடத்தியாயிற்று. இப்போது ஏப்ரல் பிறந்தால் தெருவில் உள்ள மற்ற அம்மாக்கள் என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எழுதிவிடுகிறேன்.

தேவையான பொருள்கள்: பிள்ளைகள் இரண்டு. கைவசம் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், மே மாதத்தில் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, கொஞ்சம் சில்லறை. மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று. ஆளுக்கொரு மூக்கு.

மூக்கில் இருந்தே ஆரம்பிக்கலாம். வெளியூர்க்காரர்கள் எங்கள் பக்கம் வந்தால் கைக்குட்டையை எடுப்பார்கள். நாங்கள் நோட்டை எடுப்போம். செய்முறை இதுதான்: பஸ்ஸில் ஜன்னலோரம் பிள்ளையை உட்கார வைத்துக் கண்ணைத் துண்டால் கட்டிவிட வேண்டும். எந்த ஸ்டாப் என்று அதுவாகச் சொல்ல வேண்டும். ஐஸும் டீசலும் சேர்ந்து வந்தால் காசிமேடு மீன்பிடித் துறைமுக வாசல். வெறும் கருவாடு என்றால் அதைத் தாண்டியாயிற்று. அழுகிய முட்டை நாறினால் மணலி ஆலைகள் பக்கத்துக் காற்று. அந்த முட்டையின் பெயர் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று என் மகன் ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டான். ஆறாம் வகுப்பு அறிவியல் டீச்சருக்கு அவன்மேல் அதில் கொஞ்சம் வருத்தம்.

சின்னவள் மூன்றாவது படிக்கிறாள். ஒரு வாரம் போனதும் அவளாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். “யம்மா, காலைல முட்ட, மத்தியானம் கருவாடு. ஏன்?” கத்திரி வெயிலில் காலையில் மேல்காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். நிலம் சட்டென்று சூடேறிவிடும், கடல் மெதுவாகத்தான் ஏறும். தரைமேல் இருக்கிற சூடான காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். உச்சிப் பொழுதை ஒட்டி அது உள்ளே நுழைந்ததும் வடசென்னை முழுக்கப் பெண்கள் வாசற்கதவைத் திறந்து வைப்பார்கள். இந்தப் பாடம் புத்தகத்தில் அம்புக்குறி போட்ட படமாக இருக்கிறது. அம்புக்குறிக்கு வாசனை கிடையாது.

இந்த வகுப்பில் ஓர் அத்தியாயத்தை மட்டும் நான் நடத்தவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படர்ந்தது. வலையும் படகும் கரையில் இருந்த மரமும் தார் பூசியதுபோல ஆயின. அதே மாதம் 26ஆம் தேதி நடு இரவில் எண்ணூரில் அமோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்தில் இருந்து எழுந்து ஓடினார்கள். அங்கே இருக்கிற என் நாத்தனார் குடும்பம் விடியற்காலை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவள் மகனுக்கு அப்போது பத்து வயது. கழுத்தில் ஈரத்துண்டு. “அத்த, அமோனியா தண்ணில கரையும்” என்றான். யாருடா சொன்னது என்று கேட்டேன். “யாரும் சொல்லல. துண்ட நனைச்சு மூஞ்சில வச்சா எரிச்சல் கம்மியாச்சு.” இந்த வகுப்புக்குக் கட்டணம் எவ்வளவு வைப்பது என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

கணிதத்துக்கு வேத காலம் வரை போகவேண்டாம், எண்ணூர் விரைவுச் சாலை வரை போனால் போதும். துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் நல்லது. எனக்குத் தாலி கட்டியவரே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்குச் சோறு எடுத்துப் போகும் சாக்கில் குடும்பமாகப் போவோம். டிரெய்லரின் நிழல் சாலையின் ஓரமாக நீளவாக்கில் விழும். பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்தால் நாற்பது அடிப் பெட்டிக்கு நாற்பது அடி நிழல். அவர்கள் அதைப் ‘பொட்டி’ என்றுதான் சொல்வார்கள். வண்டி முன்னே நகர்ந்தால் நாமும் பெட்ஷீட்டோடு நகர வேண்டும். ஒரு மத்தியானத்தில் அதிகபட்சம் மூன்று முறை நகர்ந்திருக்கிறோம், சாம்பார் சிந்தியதில்லை.

இப்போது பெட்டியின் கதவைப் பாருங்கள். நாலு ஆங்கில எழுத்து, ஆறு எண், பிறகு சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஓர் எண். முதல் மூன்று எழுத்து பெட்டியின் சொந்தக்காரரைச் சொல்லும். நாலாவது பெரும்பாலும் ‘யூ’. கட்டத்துக்குள் இருக்கும் கடைசி எண்தான் விஷயம். முன்னால் இருக்கிற பத்தும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் ஆள் அது. யார்டில் இருக்கிற டேலி கிளார்க் ஒருவர் இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இவர் பிள்ளைக்குச் சொன்னார், சோற்றில் கைவைத்தபடியே.

‘ஏ’ என்றால் 10. ‘பி’ என்றால் 11 இல்லை, 12. ஏனென்றால் கடைசியில் 11ஆல் வகுக்கப் போகிறோம். அதனால் 11, 22, 33 மூன்றையும் யாருக்கும் கொடுக்காமல் தாண்டிவிட வேண்டும். அப்படிப் போனால் ‘யூ’வுக்கு 32. எழுத்துக்கெல்லாம் எண் போட்டாயிற்றா? முதலாவதை 1ஆல் பெருக்கு. இரண்டாவதை 2ஆல், மூன்றாவதை 4ஆல், அடுத்தது 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போ. பத்தாவது இடத்துக்கு 512. எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகு. மீதிதான் கட்டத்துக்குள் இருக்கிற எண். மீதி 10 வந்தால் 0 என்று எடுத்துக்கொள்.

பெரியவன் முதல் பெட்டியை முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். 6,185 வந்தது. வகுத்தான். மீதி 3. கதவைப் பார்த்தான், 3. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், திருட்டுப் பூட்டைத் திறந்தவன் மாதிரி இருந்தான். அன்று சாயங்காலத்துக்குள் முன்னும் பின்னும் நின்ற பதினாலு பெட்டிகளை முடித்துவிட்டான். ஒரு பெட்டி மட்டும் ஒத்துவரவில்லை. “நைனா, இந்தப் பொட்டி போங்கு!” என்று கத்தினான். அந்த வண்டி டிரைவர் பதறிப்போய்க் காகிதத்தோடு இறங்கி வந்தார். பார்த்தால், துருப்பிடித்து ஒரு பக்கம் உரிந்துபோன 8ஐ இவன் 3 என்று படித்திருக்கிறான். டிரைவர் அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, பிறகு ஒரு வாழைப்பழமும் கொடுத்தார். கணிதத்தில் விடை தப்பானால் முதலில் கேள்வியைத் திரும்பப் படி என்று வாத்தியார்கள் பத்து வருஷம் சொல்வது ஒரு குட்டில் ஏறியது.

மாலை வெயில் தணிந்தாலும் அனல் தணியாத நாட்கள் உண்டு. அப்போது மலை வாசஸ்தலம் போகலாம். எங்கள் கொடைக்கானலின் பெயர் மெட்ரோ. விம்கோ நகரில் ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கித் திரும்புவோம். 2021 பிப்ரவரியில் இந்தத் தடம் திறந்தபோது, ‘நம்ம பக்கத்துக்கும் ஏசி வந்துடுச்சு’ என்று என் மாமியார் சால்வை போர்த்திக்கொண்டு வந்தார். ஒரே டிக்கெட்டில் பொழுதெல்லாம் உட்கார்ந்திருக்க முடியாது, நேரக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே வேகமாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பாடம், ஸ்டேஷன் பெயர்கள். விம்கோ என்பது இங்கே இருந்த ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. கம்பெனியின் பெயர் நகரின் பெயராகிவிட்டது. தேரடி தெரிந்ததே. காலடிப்பேட்டை வந்ததும் சின்னவள், “இங்க சாமி காலடி இருக்கா?” என்று கேட்டாள். சாமியும் இல்லை, காலடியும் இல்லை. 1717இல் இருந்து 1720 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். காலெட் பேட்டை நம் ஜனங்கள் வாயில் விழுந்து எழுந்தபோது காலடிப்பேட்டை ஆகியிருந்தது. தண்டையார்பேட்டை இன்னும் அழகு. தொண்டியில் இருந்து வந்து இந்தப் பக்கம் தங்கிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபை ஜனங்கள் ‘தொண்டியார்’ என்று அழைக்க, அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை ஆனது என்பார்கள். வண்ணாரப்பேட்டை, கம்பெனிக்காரன் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டை. இராயப்பர் என்றால் பேதுரு. இந்தத் தடத்தில் ஸ்டேஷன் இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருக்கிற இராயபுரம் அவர் பெயரில். ஆக, ஒரு வெள்ளைக்கார கவர்னர், ஒரு பக்கிரி, ஒரு அப்போஸ்தலர், ஒரு தீப்பெட்டி. அரைமணி ஏசியில் இவ்வளவுதான் கொடுக்க முடியும்.

இராயபுரம் என்றதும், அங்கே இருக்கிற ரயில் நிலையத்தையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. சென்ட்ரலும் எழும்பூரும் எல்லாம் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். பெரிய தூண்கள், உயரமான கூரை, கூட்டம் கிடையாது. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட இவ்வளவு வரலாற்றுச் சிறப்புமிக்க இடம் வேறு எங்கும் கிடைக்காது.

தொழில் வரலாறு தனியாக நடத்தத் தேவையில்லை. ஏதாவது பஸ்ஸின் முன்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அசோக் லேலண்ட், எண்ணூர்க்காரன். தெருவில் ஒருவன் டபடபவென்று வீட்டு ஓடெல்லாம் அதிர ஒரு வண்டியில் போகிறான் என்றால் அது 1956இல் திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்த என்ஃபீல்டு. டயரில் எம்ஆர்எஃப் என்று போட்டிருக்கிறதே, அது 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் தொடங்கியது. டயர் இல்லை, விளையாட்டு பலூன் செய்ய. இதைச் சொன்ன அன்று சின்னவள் தேரடியில் வாங்கிய பலூனை லாரி டயருக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது எப்பம்மா டயர் ஆகும்?” ஊதிக்கொண்டே இரு என்றேன். அன்று இரவு வரை வீட்டில் சத்தமே இல்லை. அம்மாக்கள் கவனிக்க.

என் மாமியார் சின்னவளைத் திட்டும்போது “எம்டன்” என்பார். அதுவும் பாடம்தான். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்கிற ஜெர்மன் கப்பல் நம் கடலில் வந்து நின்று குண்டு போட்டு எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. சத்தமில்லாமல் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போகிறவர்களை அன்றிலிருந்து ஊரில் எம்டன் என்கிறார்கள். சின்னவளுக்குக் கதை பிடித்துவிட்டது. இப்போது திட்டினால் சிரிக்கிறாள். மாமியாருக்கு ஒரு வசவு குறைந்துபோனது.

கடல் உயிரியலுக்கு வருவோம். நோட்டீஸில் அதுதான் அதிகக் கவர்ச்சி, ஒரு டால்பின் படம் வேறு. நம் கடல் உயிரியல் காசிமேட்டில் நடக்கிறது. ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. பள்ளிக்கூட லீவும் அதுவும் அநேகமாக ஒன்றாகவே வரும். “மீனுக்கும் சம்மர் லீவாம்மா?” என்றாள் சின்னவள். லீவு இல்லை கண்ணு, பிரசவம். அது முட்டை போடுகிற நேரத்தில் வலையைப் போட்டு இழுத்தால் அடுத்த வருஷம் இழுக்க ஒன்றும் இருக்காது.

வழக்கமான நாளில் காசிமேட்டில் பிள்ளைகளை இறக்கிவிடவே முடியாது. ஏலம் விடியுமுன்னே ஆரம்பித்துவிடும். கூடை முட்டும், வண்டி இடிக்கும், வழுக்கும். தடைக்காலத்தில் படகுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். இஞ்சின் பிரித்து வைத்திருப்பார்கள், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். நிழலில் வலை பின்னுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். போய்ப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். கேள்வி கேட்காதீர்கள். கால் மணி நேரத்தில் அவர்களாகவே “இன்னா பாப்பா, பின்றியா?” என்பார்கள்.

வலையின் கிழிசலை நேராக முடிச்சுப்போட்டு மூட முடியாது. முதலில் கிழிந்த ஓரத்தைக் கத்தியால் வெட்டி ஒழுங்காக்க வேண்டும், ஓட்டை இன்னும் பெரிதாகும். பிறகுதான் வலை ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு கண்ணாகக் கட்டிவர வேண்டும். கண் எல்லாம் ஒரே அளவாக இருக்க விரலையே அளவுகோலாக வைக்கிறார்கள். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெரியவருக்கு ஆள்காட்டி விரலில் நூல் ஓடிய பள்ளமே விழுந்திருந்தது. என் மகனின் விரல் சின்னது, அவன் போட்ட கண்களும் சின்னதாக வந்தன. பெரியவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுல மாட்ற மீன எடுத்துக்கினு போனா உங்கம்மா அடிப்பா. கொயந்த மீனு. பிரி” என்றார். சிறிய கண் வலையால் என்ன கேடு என்று கடல்துறை அறிஞர்கள் எழுதுகிறார்கள். அவன் இரண்டு மணி நேரம் கட்டியதைப் பிரித்தான்.

மீன் விலை தடைக்காலத்தில் ஏறித்தான் இருக்கும். வஞ்சரத்தின் பக்கம் போகாதீர்கள், விலை கேட்டால் காது அடைக்கும். சின்னப் படகுகள் கொண்டுவருகிற கத்தாளை இருந்தால் ஒரு கூறு வாங்கிக்கொள்ளுங்கள். செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு பாடம், கூறில் அடியில் எதை வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அதைவிடப் பெரிய பாடம். வீட்டுக்கு வந்து தலையை எறியாமல் நடுவில் பிளந்து பாருங்கள். மூளைக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று இரண்டு கல் இருக்கும். சின்னவள் பல் என்று நினைத்தாள். அது காதுக்கல். மீன் நிமிர்ந்து நீந்துவதற்கும் சத்தம் கேட்பதற்கும் அதுதான். மீன் வளர வளர அதுவும் படலம் படலமாக வளரும். ஆய்வுக்கூடத்தில் அதை அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தில் இருப்பதுபோல வளையம் தெரியும். எண்ணி மீனின் வயதைச் சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் நுண்ணோக்கி இல்லை. மாமியார் கண்ணாடி இருந்தது. வளையம் தெரியவில்லை, மாமியாருக்குக் கண்ணாடியில் கவிச்சு தெரிந்தது. இருந்தாலும் தீக்குச்சிப் பெட்டியில் இப்போது முப்பத்தாறு கல் சேர்ந்திருக்கிறது.

விளையாட்டுக்குத் தனி மைதானம் தேட வேண்டாம். எங்கள் பக்கத்தில் நாலு சந்துக்கு ஒரு கேரம் போர்டு, மேலே தொங்குகிற ஒரு பல்பு, சுற்றிலும் ஆள். புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவர் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு, ‘பொம்பளப் புள்ளைக்குப் போர்டு எதுக்கு’ என்கிற பேச்சு நின்றுபோனது. சின்னவளை இப்போது அவள் அப்பாவே ஸ்டூல் போட்டு உட்கார வைக்கிறார். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது, காய் அதில் மூன்றில் ஒரு பங்குதான். கனமானது லேசானதை இடித்தால் எது எங்கே போகும், பக்கக் கட்டையில் எந்தக் கோணத்தில் பட்டால் எந்தக் கோணத்தில் திரும்பும் என்பதெல்லாம் பதினொன்றாம் வகுப்பில் வரும். இங்கே ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போட முடியாமல் விழிக்கிறவனுக்கு அதற்கு முன்னாலேயே வந்துவிடும். ஒரே எச்சரிக்கை: போர்டின் கால் ஆடக் கூடாது. நல்ல காகிதமாகப் பார்த்து மடித்து வையுங்கள்.

நீதிபோதனை வகுப்பைச் சாயங்காலம் கோயிலில் மாமியார் எடுப்பார். இதில் எனக்கு ஆட்சேபம் உண்டு. சுந்தரர் இந்த ஊரில் சங்கிலியாரைக் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டார். ‘உன்னைப் பிரிய மாட்டேன்’ என்று சத்தியம் செய்ய வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர் எப்படிச் செய்வார்? சத்தியத்தைச் சந்நிதியில் செய்கிறேன், அந்த நேரம் பார்த்து நீ வெளியே மகிழ மரத்தடியில் போய் இருந்துகொள் என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார். சிவன் சரியென்று சொல்லிவிட்டு, நேராகச் சங்கிலியார் கனவில் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் செய்யச் சொல் என்றார். சின்னவள் கண்ணை விரித்தாள். “சாமியே போட்டுக் குடுத்துட்டாரா!” சுந்தரர் மாட்டிக்கொண்டார், சத்தியம் செய்தார், பிறகு மீறினார், ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போனது. மகிழ மரம் இன்றும் கோயிலில் இருக்கிறது. இதுவரை சரி.

அடுத்தது வள்ளலார். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் அண்ணன் வீட்டில் இருந்தார். படிக்கப் போடா என்றால் போகமாட்டார், கோயில் கோயிலாகச் சுற்றுவார், இந்தத் திருவொற்றியூருக்குத்தான் நடந்தே வருவார். என் மகன் இதை மிகவும் உன்னிப்பாகக் கேட்டான். மறுநாள் வாய்ப்பாடு சொல்லச் சொன்னபோது கோயிலுக்குப் போவதாகச் சொன்னான். பட்டினத்தார் சமாதி கடலோரமாக இருக்கிறது. எல்லாவற்றையும் துறந்து வந்தவர் கடைசியில் இந்த மணலில் பிள்ளைகளோடு விளையாடியிருக்கிறார். ‘என்னைக் கூடையால் மூடுங்கள்’ என்பார், மூடுவார்கள், வேறொரு பக்கமிருந்து வருவார். ஒருநாள் மூடிய கூடையைத் திறந்தால் உள்ளே லிங்கம் இருந்ததாம். இதைக் கேட்ட தெருப் பிள்ளைகள் ஒரு வாரம் கூடையும் கையுமாக அலைந்தார்கள். விளையாடட்டும். மீன் கூடையைக் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கதை முடிந்ததும்தான் பெரியவன் கேட்டான்: “எந்த மணல்ல விளாண்டாரு? இங்க கல்லுதான கெடக்கு?”

இதற்கு நான் தயாராக இல்லை. மறுநாள் துணி ஊறவைக்கிற பெரிய அன்னக்கூடையை எடுத்தேன். பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு மணல் வாங்கி ஒரு ஓரமாகச் சரித்துக் கரை போட்டேன். பாதி தண்ணீர். ஒரு ஸ்கேலைக் கரைக்குக் குறுக்கே குத்தி நிறுத்தினேன். இந்த ஸ்கேல் துறைமுகம். இந்தப் பக்கம் மெரினா, அந்தப் பக்கம் நாம. இப்போது கையால் தெற்கே இருந்து வடக்கே தண்ணீரைத் தள்ளு. நம் கடலில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல் அப்படித்தான் தெற்கிலிருந்து வடக்கே நடந்து போகும். சின்னவள் தள்ளினாள். ஸ்கேலுக்குத் தெற்கே மணல் வந்து சேர்ந்து சேர்ந்து மேடானது. வடக்கே இருந்தது கரைந்து கரைந்து அன்னக்கூடையின் அலுமினியம் தெரிந்தது.

1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். அதற்கு முன்னால் மெரினாவில் இவ்வளவு அகலமான மணல் கிடையாது, கடல் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் அங்கே மணல் தங்கியது, இங்கே கடல் ஏறியது. இராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை தெருவும் வீடும் போய்ப் போய், இப்போது கல்லைக் கொட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பேரும் அன்னக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்போ மெரினா மணலு நம்மளுதா?” என்றான் பெரியவன்.

சட்டப்படி எப்படி என்று தெரியாது, அலைப்படி ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மெரினா போனோம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் எனக்கும் சின்னவளுக்கும் டிக்கெட் கிடையாது. பெரியவனுக்கு மட்டும்தான் செலவு, ஆம்பளையாகப் பிறந்ததற்கு. தண்ணீரைத் தொட மணலில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது. நடக்கும் வழியெல்லாம் சின்னவள் பட்டம் விடுகிறவர்களையும் குதிரையில் போகிறவர்களையும் வீட்டு ஓனர் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள். ஒருவர் மணலில் துப்பியபோது முறைத்தாள். சுண்டல் தின்று முடித்ததும் கொண்டுபோன எவர்சில்வர் டப்பாவை இரண்டு பேரும் வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அது கனத்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

திருவொற்றியூரில் இறங்கியபோது இருட்டிவிட்டது. கல் மேட்டுக்கு ஓடினார்கள். பெரியவன் பிடித்துக்கொள்ள, சின்னவள் பாறை மேல் குனிந்து டப்பாவைக் கவிழ்த்தாள். ஒரு கைப்பிடி மணல் கல்லிடுக்கில் சிறு மேடாக நின்றது. அடுத்த அலை வரும்வரை நின்றது.

“பரவால்ல, அடுத்த வாரம் பெரிய டப்பா எட்தாரலாம்” என்றான் அவன்.

மறுநாள் காலையில் அவசரத்தில் அந்த டப்பாவைச் சரியாகக் கழுவாமல் வீட்டுக்காரருக்கு உப்புமா கட்டிக்கொடுத்துவிட்டேன். பத்து மணிக்கு வரிசையில் இருந்து போன் வந்தது. வாயில் இருந்ததை மென்றபடியே பேசினார், எனக்கே நறநறவென்று கேட்டது.